பழைய பத்திரத்தில் ‘தென்ஸ்’ வந்தால்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிறேன். தாத்தா காலத்து ஆங்கிலத் தாய்ப்பத்திரத்தை மடிப்பு கிழியக் கிழியக் கொண்டுவருவார்கள். மற்றதைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிடுபவர்கள்கூட, நிலத்தின் எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் ‘தென்ஸ்’ (thence) என்ற ஆங்கிலச் சொல் வந்ததும் நின்றுவிடுவார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதை ‘ஹென்ஸ்’ (hence) மாதிரி எடுத்துக்கொண்டு, “ஆகையால் தெற்கே 60 அடி” என்று எழுதிவிட்டேன். குருநாதர் திட்டவில்லை. “எந்தக் காரணத்துக்காக அய்யா தெற்கே போகிறீர்?” என்று மட்டும் கேட்டார்.

செக்குபந்தியில் அதற்கு அர்த்தம் ‘அங்கிருந்து’. சரி, எப்படி வாசிப்பது? வெள்ளைத்தாளில் வடக்கை மேலே வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் ஈசானிய மூலையில் தொடங்கினால் அங்கே விரலை வையுங்கள். ‘தென்ஸ்’ தெற்கே 60 அடி என்றால் விரல் அக்னி மூலைக்கு இறங்கும். அடுத்த ‘தென்ஸ்’ அந்த அக்னி மூலையிலிருந்துதான். மறுபடி ஈசானியத்துக்கு ஓடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். கடைசி ‘தென்ஸ்’ தொடங்கிய மூலையிலேயே வந்து முட்ட வேண்டும். முட்டவில்லையா? ஒரு வரியை நீங்கள் விட்டிருப்பீர்கள், அல்லது எழுதியவரே விட்டிருப்பார்.

(1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை எல்லை என்றார்கள். இங்கே குண்டு உப்பலவாடி என்ற ஊருக்குப் பெயர் அப்படி வந்ததுதான்.)

ஞாபகம் வைக்க நம் இ, அ, எ போதும். ஹென்ஸ் இங்கிருந்து, தென்ஸ் அங்கிருந்து, வென்ஸ் எங்கிருந்து. ஹிதர், திதர், விதர் என்று வந்தால் இங்கே, அங்கே, எங்கே நோக்கி என்று திசை திரும்பிவிடும். ‘இதிலிருந்து’ என்ற பொருள் நீண்டுதான் ‘ஹென்ஸ்’ ‘ஆகையால்’ ஆனது. நாமும் ‘இதனால்’ என்கிறோமே. ஆனால் ‘டூ மன்த்ஸ் ஹென்ஸ்’ என்றிருந்தால் காரணம் தேடாதீர்கள், இன்றிலிருந்து இரண்டு மாதம் கழித்து.

பழைய ஆங்கிலத்தில் தென்ஸ் ‘தனொன்’ என்றிருந்தது. பிறகு வினையடைக்கான ‘ஸ்’ விகுதி ஒட்டி ‘தென்னெஸ்’ ஆகி, தேய்ந்து தென்ஸ் ஆனது. ‘ஒன்ஸ்’, ‘ட்வைஸ்’ முடிவில் கேட்பதும் அதே ‘ஸ்’தான்.

அப்புறம், சில பத்திரங்களில் ‘ஃப்ரம் தென்ஸ்’ என்றிருக்கும். ‘இருந்து’ இரண்டு முறை வருகிறதே என்று எழுதியவரைக் குறை சொல்லாதீர்கள். 1611-இல் அச்சான ஆங்கில பைபிளின் 121-ஆம் சங்கீதத்திலேயே ‘ஃப்ரம் வென்ஸ்’ இருக்கிறது. தமிழில் ஒரே ‘இருந்து’ போட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போங்கள்.