வேண்டாத ஆப்களை நீக்கப்போய் போனையே கெடுத்துக்கொள்ளாமல் இருக்க

குறைந்த விலையில் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கி முதல் தடவை திறந்தால், நாம் கேட்காத ஆப்கள் பக்கம் பக்கமாக நிற்கும். இரண்டு ஆப் ஸ்டோர், இரண்டு பிரவுசர், மூன்று விளையாட்டு, ஒரு கடன் ஆப், அப்புறம் பூட்டுத் திரையில் தானாக மாறிக்கொண்டே இருக்கும் செய்திப் படங்கள். விலை குறையக் குறைய இந்தக் கூட்டம் கூடும். ஷவோமி நிறுவனம் 2018-ல், வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்கமாட்டோம் என்று அறிவித்தது. அப்படியானால் மிச்ச வருமானம் இணையச் சேவைகளிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும்தான் வர வேண்டும். அது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல.

இவற்றை நீக்க நினைப்பதில் தவறே இல்லை. கூகுள் தன்னுடைய ஆப்களைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் போட்ட உத்தரவிலேயே சொல்லியிருந்தது; அந்தப் பகுதியை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. இருந்தாலும் காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் போனில் எது இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை உண்டு. ஆனால் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து அவசரத்தில் கண்டதையெல்லாம் நீக்கிவிட்டு, மறுநாள் ஓடிபி வரவில்லை, கால் போகவில்லை என்று சர்வீஸ் சென்டரில் நிற்பவர்கள் பெரும்பாலும் இன்னொரு போன் வாங்க முடியாதவர்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பலரும் தவறாக எதிர்பார்ப்பது ஸ்டோரேஜ். கம்பெனி போட்டு அனுப்பிய ஆப்கள், போனின் நினைவகத்தில் சிஸ்டத்துக்கென்று ஒதுக்கிய தனிப் பகுதியில் இருக்கின்றன. அந்தப் பகுதியில் நம்மால் எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது. வாடகை வீட்டில் வீட்டுக்காரர் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டிய அறை மாதிரி அது. ஆப்பை முடக்கினாலும், கம்ப்யூட்டரில் இணைத்து நீக்கினாலும் அந்த இடம் நமக்குக் கிடைக்காது. கிடைப்பது, அந்த ஆப் பின்னால் இறக்கிக்கொண்ட அப்டேட்டுகளும் அது சேர்த்துவைத்த டேட்டாவும் பிடித்திருந்த இடம் மட்டும். சில ஆப்களில் அதுவே ஒரு ஜிபி வரை போகலாம், சிலவற்றில் ஒன்றுமே தேறாது. இடம் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ்அப் வீடியோக்களையும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும். ஆப்களை முடக்குவதன் உண்மையான பலன் வேறு: நோட்டிஃபிகேஷன் தொல்லை நிற்கும், பின்னணியில் டேட்டாவும் பேட்டரியும் போவது குறையும், நம் தொடர்புகளையும் இருப்பிடத்தையும் பார்க்கும் கண்களில் ஒன்று மூடும். இது சின்னப் பலன் இல்லை.

‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ கொடுத்தால் போதும் என்று நினைப்பது இன்னொன்று. அது அப்போதைக்கு மட்டும் நிறுத்தும். ஆப்பை யாராவது திறந்தாலோ வேறொரு ஆப் கூப்பிட்டாலோ மறுபடி ஓட ஆரம்பிக்கும். ‘டிசேபிள்’ கொடுத்தால்தான் நாம் திரும்ப எழுப்பும் வரை ஓடாது.

‘கிளியர் டேட்டா’ பொத்தானில் கை வைக்கும் முன் நிதானம் வேண்டும். ஆப் பட்டியலில் சிஸ்டம் ஆப்களைக் காட்டச் சொன்னால் ‘கான்டாக்ட்ஸ் ஸ்டோரேஜ்’ என்று ஒன்று வரும். ஏதோ தேவையில்லாத குப்பை என்று நினைத்து அதன் டேட்டாவை அழித்தால், கூகுள் கணக்கில் சேமிக்காமல் போனில் மட்டும் வைத்திருந்த எண்கள் அத்தனையும் போய்விடும். காலண்டர் ஸ்டோரேஜும் அப்படித்தான். கம்பெனியின் நோட்ஸ் ஆப்பில் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, வங்கி விவரம் என்று எழுதிவைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதை நீக்கினால் எழுதியதும் சேர்ந்தே போகும். சில போன்களில் டிசேபிள் கொடுக்கும்போதே, ‘ஃபேக்டரி பதிப்புக்கு மாற்றவா, டேட்டா எல்லாம் அழியும்’ என்று ஒரு பெட்டி கேட்கும். அதைப் படிக்காமல் ஓகே கொடுக்க வேண்டாம். முதலில் வேண்டியதை வேறு இடத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

பெயரைப் பார்த்து முடிவெடுப்பது

பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. பெயர் புரியாததையெல்லாம் வேண்டாதது என்று நினைத்துவிடுகிறோம்.

‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’வை எடுத்துக்கொள்வோம். திறக்க ஐகான் இல்லை, நாம் தொட்டதே இல்லை. ஆனால் மற்ற ஆப்கள் தங்களுக்குள் ஒரு இணையப் பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் அதைத்தான் கூப்பிடும். 2021 மார்ச் 22, 23-ல் இதற்கு வந்த ஒரு பழுதான அப்டேட்டால் ஜிமெயில் உட்பட ஏராளமான ஆப்கள் உலகம் முழுக்கத் திறந்தவுடனே மூடிக்கொண்டன. அப்டேட்டில் வந்த ஒரு பிழைக்கே அந்தப் பாடு என்றால், அதையே முடக்கினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘கூகுள் பிளே சர்வீசஸ்’ பேட்டரியை நிறையத் தின்கிறது என்று பட்டியலில் தெரியும், அதைப் பார்த்துச் சிலர் முடக்கிவிடுகிறார்கள். பெரும்பாலான ஆப்களின் நோட்டிஃபிகேஷன் அதன் வழியாகத்தான் வந்து சேர்கிறது. போன் தொலைந்தால் தேடித் தரும் வசதிக்கும் அதுதான் ஆதாரம்.

‘ஐஎம்எஸ்’ என்ற பெயரில் தொடங்கும் சர்வீஸ்கள் இன்னும் முக்கியம். 4ஜி வழியாகக் குரல் அழைப்பு போவது இவற்றால். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி நெட்வொர்க்கே கிடையாது. மற்ற சிம்மாக இருந்தால் அழைப்பு பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிவிடும், ஜியோவில் இறங்க இடமில்லை. ஐஎம்எஸ் போனால் இன்டர்நெட் ஓடும், அழைப்பு போகாது. சிம் கோளாறு என்று நினைத்து ஆள் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கீபோர்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழுக்கென்று தனியாக ஒரு கீபோர்டு போட்டுக்கொண்டு, போனோடு வந்ததை நீக்கிவிடுகிறார்கள். பகலெல்லாம் சரியாகத்தான் வேலை செய்யும். போனை ஆஃப் செய்து ஆன் செய்தால், முதல் தடவை பூட்டைத் திறக்கும் வரை எல்லாக் கீபோர்டும் எழுந்திருக்காது. அதற்கென்று தயார் செய்யப்பட்டவை மட்டுமே வரும். எண்கள் மட்டும் உள்ள பின் (PIN) வைத்திருந்தால் பிரச்சினையில்லை. எழுத்துகள் கலந்த பாஸ்வேர்டு வைத்திருந்தால், அதை அடிக்கக் கீபோர்டே இல்லாமல் வெளியில் நிற்க நேரிடும். ஆகவே போனோடு வந்த கீபோர்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

ஷவோமி போன்களில் ‘ஃபைண்ட் டிவைஸ்’ ஆப்பைக் கம்ப்யூட்டர் வழியாக நீக்கி, போன் லோகோவிலேயே சுற்றிச் சுற்றி நிற்கும் நிலைக்குப் போனவர்கள் பலர். ‘செக்யூரிட்டி’ ஆப்பும் அந்த வகைதான். அதில் விளம்பரம் வருகிறதே என்று கோபம் வரலாம். விளம்பரத்தை அதன் செட்டிங்ஸில் நிறுத்துங்கள், ஆப்பைத் தொடாதீர்கள். டவுன்லோட் மேனேஜர், மீடியா ஸ்டோரேஜ், பேக்கேஜ் இன்ஸ்டாலர் மூன்றும் தொடவே கூடாதவை.

அவசர எச்சரிக்கையைக் கொண்டுவரும் ‘செல் பிராட்காஸ்ட்’ பற்றியும் சொல்ல வேண்டும். 2023-ல் அரசு நாடெங்கும் சோதனை எச்சரிக்கை அனுப்பியபோது போன் அலறியதில் பயந்து அதை முடக்கியவர்கள் உண்டு. புயலும் வெள்ளமும் வருடம் தவறாமல் வரும் கடற்கரை நமக்கு. அந்த அலறல் இருக்கட்டும்.

அப்படியென்றால் எதை எடுக்கலாம்? விளையாட்டுகள், ஷாப்பிங், கடன் ஆப்கள், கம்பெனியின் தீம் கடை, வீடியோ ஆப், கம்யூனிட்டி ஆப் ஆகியவற்றைத் தாராளமாக எடுக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு ‘அன்இன்ஸ்டால்’ பொத்தானே இருக்கும். ஃபேஸ்புக்கை நீக்கிய பிறகும் ‘ஃபேஸ்புக் ஆப் மேனேஜர்’, ‘ஃபேஸ்புக் ஆப் இன்ஸ்டாலர்’, ‘ஃபேஸ்புக் சர்வீசஸ்’ என்ற பெயர்களில் சில துணை ஆப்கள் பல போன்களில் மறைந்திருக்கும். அவற்றை டிசேபிள் செய்வதால் எதுவும் கெடாது. சாம்சங் எம், ஏ வரிசைகளில் வரும், வேறு ஆப்களைப் பரிந்துரைத்து இறக்கும் ‘ஆப்கிளவுட்’டும் அப்படியே. பிரவுசர், கேலரி, மெசேஜ் ஆப் போன்றவற்றை எடுப்பதாக இருந்தால், மாற்று ஆப்பை முதலில் போட்டு, அதை டிஃபால்ட்டாக வைத்து, இரண்டு மூன்று நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகு பழையதை முடக்குங்கள்.

விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதது

பத்து ஆப்பை நீக்கிய பிறகும் திரையில் விளம்பரம் வருகிறது என்றால், அது ஆப்பிலிருந்து வராமல் இருக்கலாம். பேலன்ஸ், ஜோசியம், கிரிக்கெட் என்று நடுத்திரையில் திடீரென்று வந்து ஓகே கேட்கும் பெட்டி சிம் கார்டிலிருந்து வருவது. தெரியாமல் ஓகே கொடுத்தால் காசு போகும் சேவைகளும் அதில் உண்டு. ‘சிம் டூல்கிட்’டைத் திறந்தால் உள்ளேயே அந்தச் செய்திகளை நிறுத்தும் வழி இருக்கும். ஷவோமியில் ‘எம்எஸ்ஏ’ என்ற சர்வீஸ்தான் சிஸ்டம் முழுக்க விளம்பரம் பரிமாறுகிறது. செட்டிங்ஸில் ‘பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி’க்குள் ‘ஆதரைசேஷன் அண்ட் ரிவொகேஷன்’ போய் அதன் அனுமதியை எடுங்கள். இன்டர்நெட் ஆனில் இருக்க வேண்டும், பத்து நொடி காத்திருக்க வைக்கும், முதல் முயற்சியில் முடியவில்லை என்று சொல்லும். விடாமல் மறுபடி மறுபடி கொடுங்கள், நடக்கும். பூட்டுத் திரைப் படங்கள் ‘கிளான்ஸ்’ என்ற சேவை. அதைப் பூட்டுத் திரை அல்லது வால்பேப்பர் செட்டிங்ஸில் அணைக்கலாம். நோட்டிஃபிகேஷனில் ஆபாசப் படமோ ‘உங்கள் போனில் வைரஸ்’ என்றோ வந்தால், எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு குரோமில் ‘அலௌ’ கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் அந்தத் தளத்தை எடுத்தால் நின்றுவிடும்.

இந்த நான்கையும் சரி செய்தாலே, ஆப் நீக்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும் என்பது என் கருத்து.

டிசேபிள் பொத்தான் மங்கலாக இருக்கும்போது

இங்கேதான் ஆட்கள் ஆபத்தான வழிகளுக்குப் போகிறார்கள். ‘ஒரே கிளிக்கில் குப்பை ஆப் நீக்கம்’ என்று வரும் கிளீனர் ஆப்களால் சிஸ்டம் ஆப்பை நீக்க முடியாது. அவை கொண்டுவருவது இன்னும் கொஞ்சம் விளம்பரத்தைத்தான். ‘நானே தூரத்திலிருந்து சுத்தம் செய்து தருகிறேன்’ என்று யாராவது எனிடெஸ்க் மாதிரித் திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னால் அங்கேயே போனை வையுங்கள். அந்த வழியாக வங்கிக் கணக்கு காலியாகிறது என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. ரூட் செய்வதும், அதாவது சிஸ்டத்தையே மாற்றும் முழு அதிகாரத்தைத் திறந்துகொள்வதும், அன்றாடப் போனுக்கு வேண்டாம். ரூட் செய்த போனில் பல வங்கி, யூபிஐ ஆப்கள் ஓட மறுக்கும். சாம்சங்கில், எந்த மென்பொருளோடு போன் எழலாம் என்று காக்கும் பூட்லோடரைத் திறந்து வேறு மென்பொருளை ஏற்றினால், அதைக் குறித்துவைக்கும் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஃபியூஸ் நிரந்தரமாக மாறிவிடும். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும், படங்களையும் ஃபைல்களையும் தனியாகப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் வராது.

ஓரளவு பாதுகாப்பான வழி ஏடிபி, அதாவது கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி. கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு, அந்த ஆப்பை நமது பயனர் கணக்குக்கு மட்டும் நீக்கச் சொல்வது. மூல ஃபைல் சிஸ்டம் பகுதியிலேயே இருக்கும், அதனால் திரும்ப வரவழைக்கவும் முடியும். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஷிசுக்கு, காண்டா என்ற இரண்டு ஆப்களைச் சேர்த்து இதையே போனிலேயே செய்யலாம். ‘யுனிவர்சல் ஆண்ட்ராய்டு டிப்ளோட்டர்’ என்ற இலவசக் கம்ப்யூட்டர் மென்பொருள் ஒவ்வொரு ஆப்பையும் ரெகமெண்டட், அட்வான்ஸ்டு, எக்ஸ்பர்ட், அன்சேஃப் என்று தரம் பிரித்தே காட்டும். ரெகமெண்டட்டைத் தாண்டிப் போக வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

எந்த வழியில் போனாலும் இருபது ஆப்பை ஒரே உட்காரலில் நீக்க வேண்டாம். அப்படி நீக்கிவிட்டுக் கேமரா திறக்கவில்லை என்றால் எதனால் என்று தெரியாது. இரண்டு மூன்றாக எடுங்கள், போனை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், ஒரு கால் பேசிப் பாருங்கள், ஒரு ஓடிபி வரவழைத்துப் பாருங்கள், ஒரு ரூபாய் யாருக்காவது யூபிஐயில் அனுப்பிப் பாருங்கள். நீக்கியதன் பெயரை ஒரு தாளில் எழுதிவையுங்கள், அதே போனில் வேண்டாம். தொடங்கும் முன் புகைப்படம், தொடர்புகள், வாட்ஸ்அப் மூன்றுக்கும் பேக்கப் எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் போன் லோகோவில் நின்றுவிட்டால் ஃபேக்டரி ரீசெட்தான் வழி. வேலை முடிந்ததும், ஏடிபிக்காக ஆன் செய்த யூஎஸ்பி டீபக்கிங்கை அணைத்து, அது இருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் மூடிவிடுங்கள். அது திறந்திருந்தாலே சில வங்கி ஆப்கள் திறக்காது.

அப்பா அம்மாவின் போனைச் சுத்தம் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்குக் குப்பையாகத் தெரியும் பிரவுசரில்தான் அம்மா தினமும் ராசிபலன் பார்ப்பார். கம்பெனியின் மியூசிக் பிளேயரில்தான் அப்பா மெமரி கார்டில் ஏற்றிய பழைய பாட்டு கேட்பார். ஐகான் இடம் மாறினாலே அவர்களுக்குப் போன் தொலைந்த மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது வேணுமாப்பா, இதை எடுத்துடலாமாம்மா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எடுங்கள்.

புது போன் வாங்குபவர்களுக்கு இதில் பாதி வேலை முதல் நாளிலேயே முடிந்துவிடும். செட்டப் செய்யும்போது ‘பரிந்துரைக்கும் ஆப்கள்’ என்று ஏற்கனவே டிக் போட்ட பட்டியல் ஒன்று வரும். கடைக்காரர் அவசரத்தில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிவிடுவார். போனைக் கையில் வாங்கி நீங்களே டிக்கை எடுங்கள். அப்புறம், பெரிய சிஸ்டம் அப்டேட் வரும் ஒவ்வொரு தடவையும் ஆப் பட்டியலை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். முடக்கியது சில சமயம் எழுந்திருக்கும், புதிதாகவும் ஒன்றிரண்டு வந்து உட்கார்ந்திருக்கும்.