ஆசிரியர்களுக்கு இனப்பாகுபாடு பற்றிச் செயலமர்வு நடத்தப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாக வளவாளர்களாக வரும் தம்பி தங்கைகளைப் பார்க்கிறேன். நல்ல மனசு இருக்கிறது, இரவிரவாகத் தயாரித்துக்கொண்டும் வருகிறார்கள், ஆனாலும் முந்தியவர்கள் ஆடிய அதே கூத்துத்தான் திரும்பவும் மேடையேறுகிறது. புரொஜெக்டர் வேலை செய்யவில்லை, ஹலால் சாப்பாடு சொல்ல மறந்துவிட்டோம், வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரரை எண்ணவில்லை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருதரம் ஏச்சு வாங்கினால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

தனியாக இருப்பவரைச் சாட்சிக்கு அழைப்பது

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கல்முனைப் பக்கம் ஒரு செயலமர்வு, வந்தவர்கள் எல்லோரும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள், அதில் ஒரே ஒரு முஸ்லிம் ஆசிரியை, கணிதம் படிப்பிப்பவர். உடை பற்றிய பகுதி வந்ததும் வளவாளர் தம்பி நேராக அவரைப் பார்த்து, "டீச்சர், உங்கட ஆக்கள் இதைப்பத்தி என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்டார்.

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கட வீட்டிலயே ரெண்டு பேர் ரெண்டு மாதிரி நினைக்கிறாங்க சேர், நான் ஆரைச் சொல்ற?" என்றார். சிலர் சிரித்தார்கள். தம்பிக்கு அது நல்ல கலந்துரையாடலாகத் தெரிந்திருக்க வேண்டும், அடுத்த கேள்விகளையும் அவரிடமே போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கதிரை காலி.

மற்றவர்கள் அன்றைக்குப் படித்துக்கொண்டு போனது ஒன்றுதான்: இது அந்த டீச்சரின் பிரச்சினை, பதிலும் அவரிடம்தான் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதக் கும்பலொன்றின் குண்டு வெடித்த பிறகு, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத முஸ்லிம் ஆசிரியர்களிடம் கண்டவர் நின்றவரெல்லாம் விளக்கம் கேட்டார்கள். அதே விசாரணையைப் பயிற்சி என்ற பேரில், வரவு இடாப்பில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு நடத்துவது எந்த ஊர் நியாயம்? காத்தான்குடியில் முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கும் தமிழ் டீச்சரையோ, அம்பாறை நகரில் சிங்களப் பாடசாலைக்குப் போகும் தமிழ் சேரையோ இப்படி எழுப்பி நிறுத்தினாலும் இதே கதைதான்.

கேள்வியைக் கூட்டமாக இருப்பவர்கள் பக்கம் திருப்புங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை, ஆனால் தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைக்கு அது கிடையாது. அந்த மாதத்தில் உங்கள் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி எத்தனை மணிக்கு? வெள்ளிக்கிழமைத் தவணைப் பரீட்சை ஜும்ஆ தொழுகை நேரத்தைத் தாண்டுகிறதா? காலை ஆராதனை நேரத்தில் மற்றச் சமயப் பிள்ளை எங்கே நிற்கிறது? முஸ்லிம் பாடசாலை என்றால், நோன்பு விடுமுறைக்கு ஈடுசெய்யும் நாள் தீபாவளிக்கு முதல்நாள் விழுந்து தமிழ் டீச்சரின் லீவைத் தின்கிறதா? நேரசூசியையும் லீவுப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லி மேசையில் விரித்துவைத்தால் போதும், யாரும் யாருக்காகவும் வாதாடத் தேவையில்லை. தனியாக இருப்பவர் விரும்பினால் தானாகப் பேசுவார். பேசாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

காலை ஒன்பது மணிக்கே 1990ஐத் தொடுவது

அந்த ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்களும், செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்களும் படுகொலை செய்யப்பட்டார்கள். அப்படி உறவுகளைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு ஒரே மண்டபத்தில் ஆசிரியர்களாக இருக்கலாம். "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கிளறிவிட்டு, மூன்று மணிக்குச் சான்றிதழைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட முடியாது. பக்குவம் தெரிந்த ஆட்களும், திரும்பத் திரும்பச் சந்திக்க நாட்களும் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எண்ணி முடிப்பது

மட்டக்களப்புப் பறங்கியர் எங்கே? வாகரைப் பக்கத்து வேடர் வழிவந்தவர்கள்? அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் குறவர் குடும்பங்கள்? அப்புறம் சாதி. "எங்கட பாடசாலையில் அதெல்லாம் இல்லை" என்று அதிபர்தான் முதலில் சொல்வார். சரி, கடைசி வாங்கில் எப்போதும் யார் இருக்கிறார்கள் என்று வகுப்புக்குப் போய்ப் பாருங்கள்.

அரசியல் யாப்பின் 12(2)ஐ வாசித்துக் காட்டுவது

பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் உறுப்புரை அது. சாதியும் அதில் இருக்கிறது, நல்ல உறுப்புரைதான். தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

காவலாளியைக் கூப்பிடாமல் விடுவது

அபாயா போட்டுவரும் தாயை வாசலில் மறிப்பவர் அதிபர் இல்லை.

மூன்று உடையில் மூன்று பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுப்பது

வேண்டாம்.

மதிப்பீட்டுப் படிவத்தை நம்புவது

"மிகவும் பிரயோசனமாக இருந்தது" என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள், பஸ் போய்விடும் என்ற அவசரம். அடுத்த தவணை தொடங்கியதும் அதே பாடசாலைக்குப் போய் நேரசூசியைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமைப் பரீட்சை பழைய நேரத்திலேயே கிடந்தால் அதிபரோடு ஒரு மணித்தியாலம் இருந்து பேசி, மாற்றுவதற்கு ஒரு திகதி குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பயணத்துக்கு வலயக் கல்விப் பணிமனையில் படி தருவார்களா என்பது வேறு கதை.