முதலாளி மாறும்போது ஊழியர் விடும் தவறுகள்

ஹோட்டல் கைமாறப் போகிறது என்ற பேச்சு திருகோணமலையின் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ அடிபடத் தொடங்கினால் ஊழியர்கள் முதலில் கேட்பது, "வேலை இருக்குமா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் "இருக்கும்" என்று பதில் வந்த ஆறுதலில், மறுநாள் நீட்டப்படும் தாளை வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். பெரிய இழப்பு அங்கேதான் நேர்கிறது.

அந்தத் தாளில் ஒரே வரிதான் இருக்கும்: "எனது சொந்த விருப்பத்தின் பேரில் இன்றுடன் பதவி விலகுகிறேன்." கூடவே நாளைய திகதியிட்ட புதிய நியமனக் கடிதம், ஆறு மாதத் தகுதிகாண் காலத்துடன். அதே சமையலறை, அதே வேலை. பத்து வருடச் சேவை மட்டும் பூச்சியமாகிவிடும்.

வியாபாரம் விற்கப்பட்டால் ஊழியரின் சேவையும் தானாகவே புதிய முதலாளியிடம் தொடரும் என்று சொல்லும் தனிச்சட்டம் இலங்கையில் இல்லை. அதேவேளை, உங்கள் சம்மதமின்றி உங்களை இன்னொருவரிடம் ஒப்படைக்கவும் பழைய முதலாளியால் முடியாது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், முந்தைய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால் அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் தரும் பாதுகாப்பு இது. பதவி விலகல் கடிதம் கொடுத்தவர் அதைத் தன் கையாலேயே விட்டுக்கொடுக்கிறார்.

வேலையை விட்டுப் போகும்போது சேவைக்காலத்துக்காக முதலாளி கொடுக்கும் தொகையான பணிக்கொடையில் நடக்கும் தவறு இன்னும் வலிக்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரியது. தானாக விலகினாலும் அது போகாது. 30 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் நான்கு வருடம் எட்டு மாதத்தில் கையெழுத்து வைத்தவருக்கு இச்சட்டத்தின் கீழ் எதுவும் இல்லை. 5 வருடம் தாண்டியவரும் "காசு கைக்கு வருகிறதே" என்று அவசரப்படக் கூடாது. கணக்கு கடைசிச் சம்பளத்தின் மீதே போடப்படும். இன்று 40,000 ரூபாய் சம்பளத்தில் 10 வருடத்துக்கு 200,000 ரூபாய். சேவை தொடர்ந்து, விலகும் நாளில் சம்பளம் 80,000 ஆகியிருந்தால் அதே 10 வருடத்துக்கு 400,000.

ஆகவே கேட்க வேண்டியது பழைய முதலாளி, புதிய முதலாளி, ஊழியர் மூவரும் கையெழுத்திடும் உடன்படிக்கை. முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த திகதியும், அன்றிலிருந்து உள்ள சேவையைப் புதியவர் ஏற்கிறார் என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. கம்பனியின் பங்குகள் மட்டுமே விற்கப்பட்டிருந்தால் சட்டப்படி முதலாளி மாறவே இல்லை. அப்போது பதவி விலகல் கடிதத்துக்கே இடமில்லை.

தொழிற்சாலை வாயில்களில் நிற்கும் காவலாளிகளின் கதை வேறு. காவல் சேவை ஒப்பந்தம் வேறு கம்பனிக்குப் போனதும் அதே வாயிலில், அதே கதிரையில், சட்டையிலுள்ள பெயர் மட்டும் மாறுகிறது. தொழிற்சாலைதான் தங்கள் முதலாளி என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளச் சிட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தத்தை இழந்ததால் மட்டும் அந்தக் கம்பனியின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

ஊழியர் சேமலாப நிதியில் ஏற்கெனவே சேர்ந்த பணம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பார்க்க வேண்டியது கட்டாமல் விட்ட மாதங்களை: உங்கள் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியே கட்டும் 3 வீதம். பழையவர் ஊரில் இருக்கும்போதே தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

வேலை போய்விட்டால், "புதியவர் கூப்பிடுவார்" என்று அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டாம். வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு விடுதியின் ஊழியருக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது.