பினாங்கில் நாய் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய் வளர்ப்பு பற்றி யூடியூபில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி பனி விழும் நாடுகளிலிருந்து வருபவை. ‘உண்ணிக் காலம் வந்துவிட்டது, மருந்து போடத் தொடங்குங்கள்’ என்பார்கள். ஜெலுத்தோங்கிலோ பட்டர்வொர்த்திலோ உண்ணிக்கென்று தனிக் காலம் கிடையாது. ஜனவரியிலும் இருக்கும், ஆகஸ்டிலும் இருக்கும். கொசுவும் அப்படியே. ஆகவே, ‘இப்போது உண்ணி ஒன்றும் கண்ணில் படவில்லையே’ என்று மருந்தை இரண்டு மாதம் நிறுத்திவைப்பதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன்.

இங்கே அதிகம் தொல்லை தருவது பழுப்பு நிற நாய் உண்ணி. அது வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். வயிறு நிறைய ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் காதில் இருப்பதை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தால், மூன்று வாரத்தில் புதுப் படை ஏறிவிடும். படுக்கும் துணியை வெந்நீரில் துவைத்து, மூலை முடுக்கெல்லாம் துடைத்து, மாத்திரையோ சொட்டு மருந்தோ நாள் தவறாமல் தொடர வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, சொறிக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவது போன்ற தோட்டப்புற வைத்தியமெல்லாம் தோலைப் பொசுக்கும். நக்கினால் உள்ளேயும் போகும். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னொரு கவனம் தேவை. நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

உண்ணிக் காய்ச்சல் ஆரவாரமில்லாமல் வரும். நாய் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போகும், அதிகம் தூங்கும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வடியும். ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்கிற அந்த இரண்டு நாளில் ரத்தத் தட்டணுக்கள் சரிந்துவிடக்கூடும். ரத்தப் பரிசோதனையில் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்று தெரிந்தால் பொதுவாக நான்கு வாரம் மருந்து கொடுப்பார்கள். பத்தாம் நாள் வாலாட்டுகிறது என்று நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். நிறுத்தக் கூடாது. கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கு மாதாந்தரத் தடுப்பு மருந்து இருக்கிறது. ஆனால் தெருவிலிருந்து எடுத்து வந்த வளர்ந்த நாய்க்கு முதலில் ரத்தம் சோதித்துவிட்டுத்தான் அதைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது வெயில். நாய் மூச்சிரைத்து நாக்கிலிருந்து நீரை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. பினாங்கின் புழுக்கத்தில் அது சரியாக நடப்பதில்லை. வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு நடக்கக் கூட்டிப்போகிறோம். இங்கே சூரியன் மறையவே ஏழு மணிக்கு மேலாகிறது. தார்ச்சாலை அப்போதும் கொதிக்கும். புறங்கையை ஏழு விநாடி ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. பக், ஷீட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு விடியற்காலை நடைதான் பொருத்தம். ‘அஞ்சு நிமிஷம்தான், பாசாருக்குள் போய்விட்டு வருகிறேன்’ என்று கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நாயைக் காடியில் விட்டுப்போவது எந்த இனத்துக்கும் ஆபத்து. ஹஸ்கிக்கு மொட்டையடித்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. அந்த இரட்டை ரோமம் வெயிலையும் தடுக்கிறது, மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம்.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடனே குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறி வைத்து, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஈரத் துண்டால் போர்த்தி உட்கார வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பெரிய தவறு மிச்சக் கறி ஊற்றிய சோறு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கோழிக்கறி, சாம்பார், நாசி லெமாக் சம்பல் என்று எல்லாவற்றிலும் வெங்காயம் உண்டு. ‘எங்க பாட்டி காலத்தில் இதைத்தானே போட்டோம்’ என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த நாய் ஏன் செத்தது என்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மைலோவில் கொக்கோ இருக்கிறது. மனிதருக்கான பனடோலைக் காய்ச்சலுக்குக் கொடுக்கவே வேண்டாம். வீட்டுச் சாப்பாடுதான் போட வேண்டும் என்றால், தாளிப்பதற்கு முன்பே வெந்த கோழியிலும் பூசணியிலும் கொஞ்சம் எடுத்துத் தனியே வையுங்கள்.

மழை பெய்த இரவில் தேரை வெளியே வரும். நாய் அதைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தண்ணீரை வாயின் பக்கவாட்டில் விட்டு வெளியே வழிய வழியக் கழுவுங்கள், தொண்டைக்குள் ஊற்றாதீர்கள்.

பட்டாசுக்கு தீபாவளி மட்டும் கணக்கில்லை. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன் மக்களுக்குப் பெருநாள். அதற்கு முந்தைய நள்ளிரவில் சியூ ஜெட்டிப் பக்கம் மட்டுமல்ல, தாமான்களிலும் வெடிக்கும். அன்று இரவு நாயைக் கேட்டில் கட்டிவைத்தால் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடும். இருட்டுவதற்குள் நடத்திக் கூட்டிவந்து, வீட்டின் நடு அறையில் மின்விசிறியும் டிவியும் ஓடவிட்டு அடைத்துவையுங்கள். மிரண்டு நடுங்கும் நாய்க்கு என்ன மாத்திரை என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும், நகராண்மை லைசென்ஸ் பேட்ஜும்தான். 2015 செப்டம்பரில் பெர்லிஸ், கெடாவோடு பினாங்கிலும் ரேபிஸ் தலைகாட்டியபோது தெருநாய்கள் கொல்லப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். யாரையாவது எந்த நாயாவது கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அக்கம்பக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. நாயின் எச்சில் பட்டால் மலாய்க்கார அண்டை வீட்டார் இஸ்லாமிய முறைப்படி ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டியிருக்கும். ‘ஒண்ணும் செய்யாது’ என்று கயிற்றைத் தளர்த்துவது அவர்களுக்கு எவ்வளவு வேலை வைக்கிறது என்று யோசித்தால் போதும். லிஃப்டில் அவர்கள் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். கழிவு எடுக்கும் பை எப்போதும் கையில் இருக்கட்டும்.

நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய் குரைக்காமல் என்ன செய்யும்? காவலுக்கு என்று வாங்கியதாலேயே அதற்குப் பொழுதுபோக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. நடக்கும்போது பத்து நிமிடமாவது அது இழுக்கும் பக்கம் போய், ஒவ்வொரு தூணையும் முகர விடுங்கள். நாம் கைப்பேசி பார்ப்பதுபோல அது தெருவை மூக்கால் படிக்கிறது. நாயுணவைத் தட்டில் கொட்டுவதற்குப் பதில் முட்டை அட்டைக் குழிகளில் போட்டு மூடலாம், அல்லது பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுக்கலாம். அட்டையையே தின்னும் நாய் என்றால் துண்டு மட்டும் போதும். துண்டையும் கிழித்து விழுங்கும் நாய்க்கு, வாசல் புல்தரையில் உணவை இறைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.