சபைக்கு வெளியே ஒரு சனிக்கிழமை: கிறிஸ்தவ உலாக் குழு நடத்த நினைப்பவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நம் ஆட்கள் சிதறித்தான் இருக்கிறோம். எலத்தகிரி, கந்திகுப்பம், கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களை விட்டுவிட்டால், மற்ற இடங்களில் தெருவுக்கு ஒரு வீடு கிடைத்தாலே பெரிய விஷயம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் கை குலுக்குவோம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்போம், அவ்வளவுதான். மாற்றலாகி வந்த வங்கி ஊழியர், கணவரை இழந்த டீச்சர், பிள்ளைகளைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் தம்பதி என்று இப்படிப்பட்டவர்களுக்காகத்தான், சேர்ந்து வெளியே நடக்கப் போகும் எங்கள் உலாக் குழுவை ஆரம்பித்தோம். நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். பிறந்தது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கக்) குடும்பம், வாழ்க்கைப்பட்டது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அதனால் இரண்டு பக்கத்துச் சண்டையும் எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உலாக் குழுவை இன்னொரு சபையாக ஆக்கிவிடாதீர்கள். தலைவர், செயலர், கௌரவ ஆலோசகர், ஆண்டு விழா, மேடை, சால்வை என்று போனால் ஆறே மாதத்தில் நடப்பவர்கள் நின்றுவிடுவார்கள், சால்வைக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். பாதரையும் பாஸ்டரையும் கட்டாயம் அழையுங்கள். ஆனால் உறுப்பினராக அழையுங்கள். அவர்களும் தண்ணீர் பாட்டிலைத் தாங்களே தூக்கிக்கொண்டு வரட்டும். மேடை இல்லாத இடத்தில் பல பாதர்கள் எவ்வளவு நன்றாகச் சிரிக்கப் பேசுவார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

ஆரம்பிக்க ஏழெட்டுப் பேர் போதும். பதிவு செய்ய வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். ஆனால் பதிந்தால் விதிமுறை, வருடாந்திரக் கூட்டம், கணக்குத் தாக்கல் எல்லாம் சேர்ந்து வரும். சும்மா நடந்து பார்த்து, ஆள் சேர்ந்து, பணம் கொஞ்சம் பெரிதாகப் புழங்க ஆரம்பித்தால் ஒரு ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நாள் குறிப்பதுதான் பெரிய தலைவலி. ஞாயிறு வேண்டாம். ஒருவருக்கு ஏழு மணிப் பூசை, ஒருவருக்கு ஒன்பதரை ஆராதனை, பெந்தெகொஸ்தே சபைக்காரர்களுக்கு மதியம் வரை ஓடும். இரண்டாம் சனிக்கிழமை பலருக்கு ஒத்துவரும். ஆனால் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு குடும்பம் உங்கள் குழுவில் இருந்தால் சனிதான் அவர்களுக்கு ஓய்வுநாள். அவர்களுக்காக வருடத்தில் சில நடைகளை அரசு விடுமுறைகளில் வையுங்கள். தவக்கால வெள்ளிகளில் எதுவும் வைக்காதீர்கள், கத்தோலிக்கர்கள் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போய்விடுவார்கள். டிசம்பர் நடுவிலிருந்து எல்லாப் பாடகர் குழுவும் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸில் இருக்கும், ஆளே கிடைக்காது. காணும் பொங்கல் அன்று கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லும் அப்படித்தான்.

ஈஸ்டரை அடுத்த சனிக்கிழமை மட்டும் எங்களுக்கு நிரந்தரம். இயேசு உயிர்த்தெழுந்த அன்று இரண்டு சீடர்கள் எருசலேமிலிருந்து எம்மாவுக்கு நடந்து போனார்கள் என்று லூக்கா 24இல் வருகிறது அல்லவா, அந்த நடை. தூரம் சுமார் 11 கிலோமீட்டர். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் அதில் பாதி போதும், அதுவும் காலை எட்டரைக்குள் முடிந்துவிட வேண்டும். இரண்டிரண்டு பேராகத்தான் நடக்க வேண்டும், ஜோடி வேறு சபையாக இருக்க வேண்டும், கணவன் மனைவி சேர்ந்து நடக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. ஒரே தெருவில் பல வருஷமாக வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இந்த நடையில்தான் பேச ஆரம்பித்தார்கள். இப்போது அவர்களைப் பிரிக்க முடியவில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, குழுவிலேயே மெதுவாக நடப்பவர் யார் என்று பார்த்துவிட்டு அவருக்கு ஏற்ற இடமாகத் தேர்ந்தெடுங்கள். முதல் நடைக்கு கே.ஆர்.பி. அணை நல்லது. தென்பெண்ணையின் குறுக்கே காமராசர் காலத்தில் கட்டியது. பூங்கா உண்டு, உட்கார நிழல் உண்டு, கழிப்பறை உண்டு. கழிப்பறையை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் வெளியே வரத் தயங்குவதற்கு முதல் காரணமே அதுதான். “எத்தனை கிலோமீட்டர்” என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். அறிவிப்பில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள், வருகிறவர்கள் தொகை தானாகக் கூடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால், பக்கத்து இடங்களுக்கு வேனே தேவைப்படாது.

அடுத்தது ராயக்கோட்டை. கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது, ஆனால் தருமபுரியிலிருந்து ஓசூர் போகும் பாதையில் ராயக்கோட்டை ஸ்டேஷன் இருக்கிறது. ரயிலில் போவதே பாதி சந்தோஷம். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791இல், திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. மேலே ஏற முடியாதவர்கள் அடிவாரத்தில் தங்கட்டும். ஆனால் அவர்களை ஒரு வேலையும் இல்லாமல் உட்கார வைக்காதீர்கள். ஏறியவர்கள் பெயர்ப் பட்டியல் அவர்கள் கையில் இருக்கட்டும். இறங்கி வருகிறவர்களை ஒவ்வொருவராக டிக் அடிப்பது அவர்கள் பொறுப்பு. கல்திட்டை பார்க்க மல்லசந்திரம் போனால், புகைப்படத்துக்காகப் பலகைக் கல் மேல் பிள்ளைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை பெருங்கற்கால மனிதர்களின் ஈமச் சின்னங்கள்.

ஒகேனக்கல் போகாமல் விட மாட்டார்கள். சரி, போங்கள். ஆனால் கிளம்பும் முந்தின நாள், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று செய்தியில் பாருங்கள். இங்கே சொட்டு மழை இல்லாவிட்டாலும், குடகிலும் வயநாட்டிலும் பெய்தால் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறப்பார்கள், தண்ணீர் நம்மிடம் வந்து சேரும். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை இது சகஜம், அதனால் வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே மாற்று இடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். பரிசலில் லைஃப் ஜாக்கெட் போடாத ஆள் ஏறக் கூடாது, பாஸ்டராக இருந்தாலும் சரி. மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே விறகு அடுப்பில் குழம்பு வைத்து, வறுத்தும் தரும் பெண்கள் இருக்கிறார்கள். விலையை முதலில் பேசிவிட்டு, முடிந்த பிறகு பேரம் பேசாதீர்கள். குளிக்க அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீச்சல் தெரியும் என்று சொல்கிற இளைஞர்களைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பயம் போகாது.

காட்டுக்குள் போவதாக இருந்தால் அனுமதி இல்லாமல் ஒரு அடியும் வேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைகள் நடமாடும் காடு. காவேரி வடக்கு 2014இலும், காவேரி தெற்கு 2022இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்த பிறகு விதிகளைக் கடுமையாக்கிவிட்டார்கள். வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டப் பாதைகளும் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் அந்தப் பகுதி மக்களே வழிகாட்டியாகக் கூட வருவார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடுவார்கள் என்பதால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். “எங்க மாமா ரேஞ்சர், பேசிக்கலாம்” என்று யாராவது சொன்னால் அவரை டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள்.

ஜெபம். இதில்தான் குழு உடையும் அல்லது நிற்கும். கிளம்பும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் பொது, ஆண்டவர் கற்பித்த ஜெபம். கத்தோலிக்கர் ஒரு தமிழில் சொல்வார்கள், மற்றவர்கள் வேறு தமிழில் சொல்வார்கள், அவரவர் சொல்கிறபடி ஒன்றாகச் சொல்லிவிடுங்கள். நடுவில் கொஞ்சம் குழம்பும், ஆமெனில் சேர்ந்துவிடும். வேனில் ஜெபமாலை சொல்ல ஆசைப்படுகிறவர்கள் மனதுக்குள் சொல்லட்டும், ஆவியில் நிறைந்து அந்நிய பாஷையில் ஜெபிக்கிறவர்களும் அப்படியே. பாட்டுக்கு மட்டும் தடை இல்லை, பழைய கீர்த்தனைகள் எல்லாச் சபைக்கும் தெரியும். ஆனால் ஸ்பீக்கர் கூடாது. பறவை பார்க்க வந்த இடத்தில் ஸ்பீக்கர் வைத்தால் காக்காய் கூட நிற்காது.

சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பதும் கூடாது. நான் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊழியம் செய்ய உங்கள் சபையில் வழி இருக்கிறது, அங்கே செய்யுங்கள். இது உறுப்பினர்கள் சேர்ந்து மூச்சு வாங்குகிற நாள். நாம் ஏறுகிற மலைகளில் பாதிக்கு மேல் உச்சியில் கோயில் இருக்கும். தீர்த்தமலைக்குப் போனால் அது சிவன் மலை, பக்தர்கள் வழிபட வருகிற இடம். வழிவிட்டு நடந்து, செருப்பு கழற்றச் சொன்ன இடத்தில் கழற்றிவிட்டு வர வேண்டியதுதான். உறுப்பினர் ஒருவர் பக்கத்து வீட்டு இந்துத் தோழியை விருந்தாளியாக அழைத்து வந்தால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு இயேசுவைப் பற்றிச் சாட்சி சொல்ல நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் அந்தம்மா மறுமுறை வர மாட்டார், அழைத்து வந்தவரும் வர மாட்டார்.

சீட்டுப் பிடிக்கிறவர்கள், இன்ஷூரன்ஸ் விற்கிறவர்கள், கட்சிக்காரர்கள் வரலாம், தொழிலை வீட்டில் விட்டுவிட்டு வரட்டும். வரன் பேச்சைத் தடுக்க முடியாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். டீ நேரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

பணத்தை அந்தந்த நடைக்கு அந்தந்தப் பங்காக வாங்குங்கள். வேனுக்கு மஞ்சள் போர்டு வண்டியா, மலைப்பாதையில் ஓட்டிய டிரைவரா என்று பாருங்கள். தெரிந்தவர் சொந்த வண்டி சீப்பாகக் கிடைக்கிறது என்று போய், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். கணக்கை அன்று இரவே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு குரூப் வேண்டும்: அறிவிப்புக்கு அட்மின் மட்டும் எழுதுகிற ஒன்று, காலை வசனமும் ரோஜாப்பூவும் போட இன்னொன்று. ஒரே குரூப்பாக வைத்தால், நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு என்பது நாற்பது ரோஜாவுக்கு அடியில் போய்விடும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், தயிர்சாதம், வேகவைத்த கடலை. தட்டும் டம்ளரும் அவரவர் கொண்டுவரட்டும், பிளாஸ்டிக் தட்டு வாங்காதீர்கள். மே, ஜூனில் யாராவது தோட்டத்து மாம்பழம் கூடையோடு வரும், கத்தி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பை என் இலாகா. ஓ.ஆர்.எஸ்., கட்டுத் துணி, கிருமிநாசினி, சர்க்கரை நோயாளிகளுக்குக் குளுக்கோஸ். ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரை, அலர்ஜி, வீட்டு எண் எல்லாம் ஒரு தாளில். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான் நிச்சயம். பாறை இடுக்கில் பெரிய தேன்கூடு தெரிந்தால் சத்தம், சென்ட், புகை எதுவும் இல்லாமல் திரும்பி வேறு வழியில் போங்கள். பென்னாகரத்தைத் தாண்டி மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அதனால் குழு எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்பது வீட்டில் இருக்கும் ஒரு உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர் இல்லாமல் பிள்ளைகள் வந்தால் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள், எப்போதும் இரண்டு பெரியவர்கள் கூட இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் தனியாக ஒருவரிடம் விடாதீர்கள்.

ஒருங்கிணைப்பாளரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அடுத்த வருடம் வேறு சபைக்காரராக இருக்கட்டும். கணக்கு நோட்டு, மருந்துப் பை, வேன் டிரைவர் எண்கள், மிச்சப் பணம் ஆகியவற்றை ஜனவரியின் முதல் நடையில் எல்லோர் முன்னாலும் எண்ணி ஒப்படைத்துவிட்டு, புது ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.