அறுபதுகளின் சோல், ராக் இசை: கேட்கும்போது நாம் செய்கிற தவறுகள்

கறுப்பினப் பாடகர்கள் வளர்த்த, உணர்ச்சி பொங்கும் இசைதான் சோல். அறுபதுகளின் அமெரிக்க சோல் பாடல்களைக் கேட்டுவிட்டு, "பழசு, சப்பென்று இருக்கிறது" என்று சொன்ன நாலைந்து பேரை எனக்குத் தெரியும். எதில் கேட்டீர்கள் என்றால் எல்லோரும் கைப்பேசியைத்தான் நீட்டினார்கள். கோளாறே அங்குதான். அந்தச் சின்ன ஸ்பீக்கரில், பாட்டுக்கு அடியில் கனத்த ஒலி தரும் பேஸ் கிட்டார் ஏறக்குறைய காணாமல் போய்விடும். பேஸ் இல்லாத மோட்டவுன் பாட்டு உப்பில்லாத ரசம்.

டெட்ராய்ட் நகரில் 1959இல் பெர்ரி கோர்டி தொடங்கிய இசை கம்பெனி மோட்டவுன். ஒரு சாதாரண வீடு, அதை ஒட்டிய கார் ஷெட்தான் ஸ்டுடியோ. அங்கே வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் சுட்டுவிரல் ஒன்றாலேயே பேஸ் கம்பிகளை மீட்டுவார். அறுந்தால் ஒழிய கம்பியை மாற்ற மாட்டார். எத்தனையோ ஹிட் பாடல்களுக்கு வாசித்தும், இசைத்தட்டில் பெயர் போட்டது 1971இல், பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான்.

டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாட்டை நல்ல ஹெட்போனில் போட்டுப் பாருங்கள். முதலில் பேஸ் மட்டும் வரும். அப்புறம் ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் அதன்மேல் ஒவ்வொரு படியாக ஏறும். கைப்பேசியில் ஏறுவது கேட்கும், படிக்கட்டு கேட்காது. (மோட்டவுன்காரர்களே கார் ரேடியோவை மனதில் வைத்துத்தான் ஒலிகளைக் கலந்து மிக்ஸ் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் கார் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவாவது இருந்தது!)

இன்னொன்று, ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டிக்கொள்வது. பஸ்ஸில் ஒருமுறை நண்பனுக்கு பீட்டில்ஸின் 1963ஆம் வருட முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். வலது பக்கம் என்னிடம், இடது பக்கம் அவனிடம். "என்னடா, பாடவே மாட்டேங்கிறாங்க?" என்றான். அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தது இரண்டே டிராக்கில், அதாவது இரண்டே ஒலித்தடங்களில். இரண்டு காதுக்கும் வெவ்வேறு ஒலி தரும் ஸ்டீரியோவில் வாத்தியங்கள் இடதிலும் குரல்கள் வலதிலும் போய் உட்கார்ந்துவிட்டன. அன்றைக்கு ரசிகர்கள் பெரும்பாலும் கேட்டது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோவில்தான், கவனமாக மிக்ஸ் செய்ததும் அதைத்தான். மோனோ பதிப்பு கிடைத்தால் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் கைப்பேசி செட்டிங்கில் 'மோனோ ஆடியோ' என்று இருக்கும், அதை ஆன் செய்தால் போதும்.

தாளத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. நமக்கு முதல் எண்ணிக்கையில் கை தட்டித்தான் பழக்கம். இந்தப் பாடல்களின் நான்கு எண்ணிக்கைத் தாளத்தில், ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மும் கைதட்டும் பெரும்பாலும் இரண்டிலும் நான்கிலும் விழும். முதல் எண்ணில் தட்டினால் பாட்டோடு மல்லுக்கட்டுவது போலத்தான் இருக்கும்.

சரி, சோல் கறுப்பர் இசை, ராக் வெள்ளையர் இசை என்று இரண்டு டப்பாவில் போடுவதுதான் எனக்கு எரிச்சல் தருகிற தவறு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், சோல் இசை வெளியிட்ட ஸ்டாக்ஸ் கம்பெனியின் ஸ்டுடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர். அதன் ஆஸ்தான வாத்தியக் குழுவில் புக்கர் டி. ஜோன்ஸும் அல் ஜாக்சனும் கறுப்பர்கள், ஸ்டீவ் க்ராப்பரும் டக் டன்னும் வெள்ளையர்கள். அதுவும் நிறவெறி தலைவிரித்தாடிய ஊரில். வெள்ளையர்களின் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' 1965இல் வந்தது. அதில் கிட்டாரில் ஒலிக்கும் அந்தப் புகழ்பெற்ற மெட்டு, டிரம்பெட், சாக்ஸபோன் போன்ற ஊதுவாத்தியங்களுக்காக அக்குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் மனதில் வைத்திருந்தது. அதே வருடம் கறுப்பினச் சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங் அந்தப் பாட்டைப் பாடியபோது ஊதுவாத்தியங்களே அதை வாசித்தன. இரண்டையும் அடுத்தடுத்து கேளுங்கள், எது அசல் என்றே குழம்பும். 'ரெஸ்பெக்ட்' பாட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. எழுதிப் பாடியது ஓடிஸ், 1965இல். 1967இல் சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பாடினார். அந்த வார்த்தையை எழுத்தெழுத்தாகப் பாடும் இடம் ஓடிஸின் பதிவில் கிடையவே கிடையாது!

கடைசியாக, 'கோல்டன் ஹிட்ஸ்' தொகுப்புகளிடம் உஷார். வயதான பிறகு அதே பாடகர் மறுபடி பாடிய பதிவுகள் அவற்றில் நிறைய கலந்திருக்கும். ஆப்பில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் மறுபதிவு என்று பொடி எழுத்தில் சில சமயம் இருக்கும், பல சமயம் இருக்காது. டிரம் ஓசை பளபளவென்று ஒலித்து, குரல் மட்டும் களைத்திருந்தால், பழைய ஆல்பத்தின் பெயரைத் தேடி அங்கிருந்து போடுங்கள்.