அடிமைப் பேரேடு படிக்கும் முறை

முப்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். மாட்டுங்கா வீட்டில், அக்கா பேத்தியின் கல்லூரிப் பாடத்துக்காக பிரிட்டனின் காலனியாக இருந்த ஜமைக்காவின் அடிமைப் பேரேடுகளை, அதாவது அங்கே அடிமைகளாக இருந்தவர்களைப் பதிந்த ஏடுகளை, படிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

முதலில் வருஷத்தைப் பாருங்கள். பிரிட்டன் 1807-இல் அடிமை வணிகத்தைத்தான் தடுத்தது. அடிமைத்தனம் அப்படியே இருந்தது. திருட்டுத்தனமாக ஆள் இறக்குவதைக் கண்டுபிடிக்கத்தான் ஜமைக்காவில் 1817 முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவு எடுத்தார்கள்.

அப்புறம் பத்திகள். பெயர், நிறம், வயது, அடுத்து 'ஆப்பிரிக்கர்' அல்லது 'கிரியோல்'. இங்கே நிதானியுங்கள். ஆப்பிரிக்கர் என்றால் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்; கிரியோல் என்றால் தீவிலேயே பிறந்தவர். குறிப்பில் தாயின் பெயர் இருக்கலாம். தகப்பன் பெயர் பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் சட்டப்படி அடிமை நிலை தாய்வழியில்தான் இறங்கியது.

பிறப்பு வரவு, சாவு பற்று. நான் எழுதிய சரக்கு இருப்புக் கணக்கும் இதே அச்சுதான். அன்றைக்குக் காபி ஆறியே போனது.

சரி, கடைசியாக, அடிமைத்தனத்தையே ஒழித்த 1833 சட்டத்தின் இழப்பீட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 2 கோடி பவுன், அத்தனையும் உடைமையாளர்களுக்கு. பேரேட்டில் இருந்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது.